பச்சைக் குளிசை

செப்டெம்பர் 29, திங்கள்

மழை. ஒன்பது பேர்தான் வந்தார்கள். புதிதாக வந்த ஒரு பெண் கதவருகே நின்றபடியே, "பொலிசுக்குச் சொல்லுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

எங்கள் வேலையை விளக்குவது கடினமல்ல. தெருவில் வாங்கிய தூளையோ குளிசையையோ சனம் கொண்டுவருகிறது. தீக்குச்சித் தலையளவு எடுத்துச் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறோம். பெயர் கேட்பதில்லை. எடு என்றும் சொல்வதில்லை, எடுக்காதே என்றும் சொல்வதில்லை. விற்றவன் சொன்னது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று தெரிந்துவிட்டால், அதற்கேற்ப நடக்க மனிதர்களுக்குத் தெரியும். அரசாங்க அனுமதியோடு நடக்கிற இடம். இருந்தும் இந்தப் பிளாசாவில் மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் நாங்கள் இருப்பது பலருக்குக் கண்ணில் தூசி.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஆறு வருடம், கனடா வந்து ஸ்காபரோவில் உதட்டுச்சாயத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம். அங்கே சிவப்பு சரியான சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் இப்போதும் சொந்தபந்தத்திடம், "மலருக்கு லாப் வேலை" என்றுதான் சொல்கிறார். பொய் இல்லை.

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். முற்றல்.

ஒக்ரோபர் 1, புதன்

உடுப்புத் தோய்த்தேன். இவருடைய வேலை ஜக்கெற்றின் பைகளை ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தேன். ஆணி, ரசீது, பெப்பர்மின்ற். வேறொன்றும் இல்லை. ஆணி கிடந்தால் மெஷின் பழுதாகிவிடும், அதற்காகத்தான் பார்ப்பது.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் ரீவிக்கு முன்னால் அப்படியே நித்திரை. கரண்டி மடியில். கூப்பிட்டேன், எழும்பவில்லை. பக்கத்தில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். நிமிடத்துக்குப் பத்து மூச்சு. சும்மா இருந்ததால் எண்ணினேன். பிறகு ஒன்பது. தோளைப் பிடித்து உலுப்பினேன்.

"என்ன?" என்றார். கண்ணின் கருமணி கடுகளவு.

"தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான்."

நாலு வருடத்துக்கு முன் கூரை வேலையில் விழுந்து முதுகெலும்பில் அடி. டொக்டர் தந்துகொண்டிருந்த வலிக் குளிசையை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. இப்போது நோவு குறைவு, சமாளிக்கலாம் என்கிறார். நல்லது. பாரம் தூக்குகிற மனிதருக்கு அசதி இருக்கும்தானே.

மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கிற நலோக்சோன் மருந்துப் பெட்டி ஒன்றை வேலையிடத்தில் இருந்து கொண்டுவந்து மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் இருக்கவேண்டியதுதான்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

பின்கதவால் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் வந்தார். தொப்பியைப் புருவம்வரை இழுத்து, என் முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் கதைத்தார். அவரை எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நானும் ஆங்கிலத்திலேயே கதைத்தேன். பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.

பச்சைக் குளிசை. ஒரு பக்கம் வெட்டுக்கோடு, ஓரம் சற்று உதிர்ந்தது. கடையில் மருந்துச் சீட்டுக்குத் தருவது போலவே அச்சு. ஆனால் கையால் அழுத்திய சரக்கு. ஆளைக் கொல்கிற ஃபெண்டனில் கலந்திருக்கிறதா என்று காட்டுகிற பட்டியை நனைத்தேன். இரண்டு கோடு. இரண்டு கோடு வந்தால் இல்லை, ஒன்று வந்தால் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிப் பட்டிக்கு நேர்மாறு, எல்லாரும் குழம்புவார்கள். எங்கள் இயந்திரமும் மாவைத் தவிர வேறொன்றும் காட்டவில்லை.

"ஃபெண்டனில் இல்லை. ஆனால் பட்டிக்கும் இந்த மெஷினுக்கும் தெரியாத சாமான்கள் இருக்கு. பெரிய லாபுக்கு அனுப்பினா மூண்டு நாள். அனுப்பட்டே?" என்று கடைசியில் தமிழில் கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. இல்லை எண்டுதானே வந்திருக்கு. காணும்," என்றார். மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு துகள்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

ஒக்ரோபர் 9, வியாழன்

பிளாசாவின் சொந்தக்காரர் அருளம்பலம் அண்ணை நேரில் வந்தார். கையில் எங்களை அகற்றச் சொல்லி நூற்று நாற்பது பேரின் கையெழுத்து. நவம்பர் ஏழோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்றார். எங்கள் நிலையப் பொறுப்பாளர் டெனீஸ் வெளியே போயிருந்ததால் நான்தான் வாங்கினேன்.

"தங்கச்சி, நீர் படிச்ச ஆள். உமக்கு இது தேவையோ? கோயிலுக்குப் போற சனம், சின்னப் பிள்ளையள், எல்லாம் உந்த வாசலைத் தாண்டித்தான் போகுது."

"அவையள் தாண்டித்தான் போகினம் அண்ணை. சில பேர் உள்ளுக்கும் வருகினம்."

"ஆர் வருகினம்? கறுவல், வெள்ளை, கண்டதுகளும் வரும். எங்கட சனம் வராது."

"வந்தவையின்ர பேரை நான் சொல்லமாட்டன். ஆனா நீங்கள் சொல்லுறது பிழை. அதோட, கறுவல் எண்டு இஞ்ச நிண்டு சொல்லாதேங்கோ. என்ர மேலதிகாரி கறுப்பினத்து மனுசி."

அவர் முகம் சிவக்க வெளியே போனார். பிறகு கையெழுத்துகளைப் பார்த்தேன். முப்பத்தோராம் பெயர் கு. குகதாசன். இருபத்துமூன்று வருடமாக அந்தக் கையெழுத்தை வங்கிப் படிவத்திலும் மகளின் பள்ளிக்கூட அறிக்கையிலும் பார்த்துவருகிறேன். அதற்குக் கீழே தொப்பிக்காரரின் பெயர்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம். கையெழுத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொதியில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார்.

ஒக்ரோபர் 15, புதன்

நவம் அண்ணை செத்துப் போனார்.

இவருடைய கூரைக் குழுவில் வேலை செய்தவர். பதினைந்து வருடப் பழக்கம். நேற்று வேலை முடிந்து வந்து குளியலறைக்குப் போனவர் வெளியே வரவில்லை. ஐம்பத்தாறு வயது. ஹார்ட் அட்டாக் என்று எல்லாரும் ரெலிபோனில் சொல்கிறார்கள்.

தொப்பிக்காரர் அவர்தான். இப்போது எழுதலாம்.

ஒக்ரோபர் 18, சனி

செத்தவீடு. மண்டபம் நிறையச் சனம். "நல்ல மனுசன், ஒரு கெட்ட பழக்கமும் இல்லை" என்று பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நல்ல மனுசன்தான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மற்றதை ஏன் அதோடு சேர்த்துச் சொல்லவேண்டும்?

நவம் அண்ணையின் மனைவி விமலாக்கா என்னைக் கையில் பிடித்துப் பெண்கள் உடுப்பு மாற்றும் அறைக்குள் கூட்டிப்போனா. அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவு. கைப்பையில் இருந்து மெல்லிய ரிசுத் தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தா. ஐந்து பச்சைக் குளிசை.

"சொக்சுக்குள்ள கிடந்தது. இது என்னெண்டு சொல்லு மலர். டொக்டர் தந்ததில்லை, அது எனக்குத் தெரியும்."

"அக்கா, சோதிச்சா உண்மைதான் வரும். பிறகு அதை மறக்கேலாது."

"ஹார்ட் அட்டாக், ஹார்ட் அட்டாக் எண்டு காலமை தொடக்கம் நூறு பேர் சொல்லிப்போட்டினம். நான் மறக்கோணும் எண்டா உன்னட்ட வருவனோ?"

நவம் அண்ணை என்னிடம் வந்ததை நான் சொல்லக்கூடாது. செத்தவருக்கும் அந்த வாக்கு உண்டு. "இல்லை எண்டுதானே வந்திருக்கு" என்ற குரல் மட்டும் காதுக்குள்ளேயே நிற்கிறது. அன்றைக்கு நான் இன்னும் ஒரு தரம் கேட்டிருக்கலாம். ஒரு துகளுக்காகக் கெஞ்சியிருக்கலாம்.

இவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் தனியே இருந்தார். சாம்பல் நிற முகம்.

ஒக்ரோபர் 20, திங்கள்

மாதிரிகளைப் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அனுப்பியது இரண்டு. ஒன்று விமலாக்கா தந்தது. மற்றது ஒரு பச்சைக் குளிசையின் கால்வாசி. படிவத்தில் "கொண்டுவந்தவர்" என்ற இடத்தில் "தெரியாது" என்று எழுதினேன்.

வீட்டில் உடுப்புத் தோய்க்கவேண்டியிருந்தது. நேற்றே தோய்த்துவிட்டேன், பைகளைப் பார்த்துவிட்டுத்தான்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

முடிவு வந்தது. இரண்டிலும் ஒரே சாமான். நைட்டஸீன். ஃபெண்டனிலைவிடக் கடுமையானது, ஃபெண்டனில் பட்டியில் அகப்படாது. ஒவ்வொரு குளிசையிலும் அளவு வேறு. ஒன்றில் கொஞ்சம், அடுத்ததில் ஆளைக் கொல்கிற அளவு. ஒரே பைக்குள் கிடந்தவை.

டெனீஸ் உடனே ஆங்கிலத்தில் எச்சரிக்கை போட்டா. தமிழிலும் போடவேண்டும் என்றேன். எங்கள் சனத்துக்குள், முதுகுநோவுக்காரருக்குள்தான் இது சுற்றுகிறது என்றேன். நிர்வாகக் குழு இப்போதைக்கு வேண்டாம் என்கிறதாம். கட்டடப் பிரச்சினை தீரும்வரை தமிழ்ச் சமூகத்தைச் சீண்டக்கூடாதாம்.

"செத்தவர் தமிழர்," என்றேன்.

"தெரியும். எனக்கும் கோபம்தான். இன்றைக்கு என்னால் முடியவில்லை," என்றா.

என்னால் முடியும்.

ஒக்ரோபர் 25, சனி

நூலகத்தில் எண்பது பிரதி எடுத்தேன். இப்படி எழுதினேன்:

"பச்சைக் குளிசை. ஒரு பக்கம் வெட்டுக்கோடு. வலிக் குளிசை என்று விற்கிறார்கள். அல்ல. ஒருவர் இறந்துவிட்டார். சாதாரணப் பட்டியில் தெரியாது. சோதிக்காமல் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் தனியே எடுக்காதீர்கள், மிகச் சிறிதாகத் தொடங்குங்கள், நலோக்சோனை அருகில் வையுங்கள். மூச்சு மெதுவானால் 911ஐ அழையுங்கள். உங்களை நாங்கள் குற்றம் சொல்லமாட்டோம்."

கீழே என் பெயரும் என் சொந்த ரெலிபோன் இலக்கமும்.

மரக்கறிக் கடை, கொத்துரொட்டிக் கடை, கூரைச் சாமான் விற்கிற இடம், கோயிலில் செருப்பு விடுகிற தட்டுக்கு மேலே. மரக்கறிக் கடைக்காரர் என் கண்ணுக்கு முன்னாலேயே கிழித்தார். இன்னொன்று ஒட்டினேன். அதையும் கிழித்தார். மூன்றாவதை ஒட்டும்போது, "அக்கா, விசரோ உங்களுக்கு?" என்றார்.

"எண்பது இருக்குத் தம்பி. நீங்கள் கிழியுங்கோ, நான் ஒட்டுறன். ஆருக்கு முதல் கை நோகுது எண்டு பாப்பம்."

மூன்றாவது இப்போதும் அங்கே இருக்கிறது.

கடைசிப் பிரதியை எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினேன். மாலையில் இவர் பால் எடுக்க வந்து, கதவில் கை வைத்தபடி நின்றார். நெடுநேரம். பிறகு பாலை எடுக்காமலே போனார். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

ஒக்ரோபர் 27, திங்கள்

டெனீஸ் கூப்பிட்டுக் கேட்டா. "இந்தத் துண்டறிக்கைக்கு யார் அனுமதி தந்தது?"

"ஒருவரும் இல்லை."

துண்டறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தா. பிறகு, "அதன் கணினிக் கோப்பை எனக்கு அனுப்பு. எங்கள் சின்னத்தையும் போடுகிறேன். வேலை போனால் இரண்டு பேருக்கும் போகட்டும்," என்றா.

என் ரெலிபோனுக்கு இதுவரை இருபத்திரண்டு அழைப்பு. ஒன்பது பேர் ஏசினார்கள். நாலு பேர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். மிச்சப் பேர், "என்னட்டக் கிடக்கிறதும் பச்சைதான்" என்று தொடங்கினார்கள்.

நவம்பர் 1, சனி

பிளாசா மேல்மாடி மண்டபத்தில் கூட்டம். அருளம்பலம் அண்ணை மைக் பிடித்தார். கடை நடத்துகிறவர்களின் கஷ்டத்தைச் சொன்னார். அதில் உண்மை இருந்தது. வாசலில் ஊசி கிடந்ததைச் சொன்னார். அதுவும் உண்மை, நானே பொறுக்கியிருக்கிறேன். பிறகு சொன்னார்:

"எங்கட சனத்தில உந்தப் பழக்கம் உள்ளவை ஒருத்தரும் இல்லை. இல்லாத வருத்தத்துக்கு எங்கட வாசலில மருந்துக்கடை எதுக்கு?"

கைதட்டல். நான் எழும்பினேன்.

"இந்தப் பச்சைக் குளிசை பற்றி ஒரு கிழமையில பதினெட்டுப் பேர் என்னோட தமிழில கதைச்சவை. கூரை வேலை, லொறி ஓடுறவை, வயசுபோன ஒரு அம்மா. பிள்ளையளை இஞ்ச கொண்டுவந்து ஆளாக்க முதுகை முறிச்ச சனம். டொக்டர் குளிசையை நிப்பாட்டினா நோவு நிக்குமோ? நீங்கள் என்ர கதவைப் பூட்டலாம். அந்தக் குளிசையை விக்கிறவனுக்குக் கதவே இல்லை, அவனை என்னெண்டு பூட்டுவியள்?"

"உம்மட தொழிலுக்காகச் சனத்தை அவமானப்படுத்தாதேயும்!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் விமலாக்கா எழும்பினா. வெள்ளைச் சேலை. மைக்கைக் கேட்கவில்லை.

"என்ர மனுசன் ஹார்ட் அட்டாக்கில சாகேல்லை. அந்தக் குளிசையிலதான் செத்தவர். இவளட்டச் சோதிக்கக் குடுத்தது நான். அவர் குடிகாரனில்லை, கள்ளனில்லை. நோவில கிடந்த மனுசன். இனி ஆரும் என்னட்ட வந்து ஹார்ட் அட்டாக் எண்டு சொல்லவேண்டாம்."

சொல்லிவிட்டு இருந்தா. இவர் கடைசி வரிசையில் இருந்து எழும்பி வெளியே போனதைக் கண்டேன்.

எங்கள் நிலையம் இருக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. நாங்கள் தோற்றோம். நூற்றுப்பத்துக்கு முப்பத்தேழு. எங்களுக்கு இரண்டு வாக்குத்தான் விழும் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் இவர் முற்றத்து இலைகளைக் கூட்டினார். நான் பைகளைப் பிடித்துக் கொடுத்தேன்.

"விமலாக்கா துணிஞ்சு சொல்லிப்போட்டா," என்றார்.

"ஓம்."

"நீர் ஏன் சொல்லேல்லை?"

"எதை?"

இலையைப் பைக்குள் திணித்தார். "ஒண்டுமில்லை," என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

கடைசி நாள். இயந்திரத்தை டெனீஸ் வேறு நிலையத்துக்கு எடுத்துப்போனா. அனுமதி கட்டடத்துக்கு மட்டும்தான், தெருவில் நாங்கள் எதையும் கையால் தொடக்கூடாது. ஆனால் பட்டிகளைக் கொடுக்கலாம். எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக்கொடுக்கலாம். சனம் தங்கள் கையாலேயே செய்யும். நைட்டஸீனைக் காட்டுகிற புதுப் பட்டி இருநூறு வந்திருக்கிறது.

பிளாசா அருளம்பலத்தாருடையது. அதற்கு முன்னால் இருக்கிற நடைபாதை நகரத்துடையது. நகரசபைக்கு அழைத்து இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன்.

நவம்பர் 10, திங்கள்

இன்றையதை ஒழுங்காக எழுதவேண்டும்.

பத்து மணிக்கு நடைபாதையில் மடிப்பு மேசையைப் போட்டோம். டெனீஸ், நான், விமலாக்கா. குளிர் பூச்சியத்துக்குக் கீழே. தமிழில் பெரிய எழுத்தில் "இங்கே சோதித்துப் பாருங்கள்" என்று எழுதிக் கட்டினோம். ஒரு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. மரக்கறி வாங்க வந்தவர்கள் வீதியைக் கடந்து மற்றப் பக்கத்தால் போனார்கள். அருளம்பலம் அண்ணை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

பதினொன்றே காலுக்கு ஒரு வான் வந்து நின்றது. கூரைக் குழுவின் வான். உள்ளே ஐந்து பேர். முன்கதவைத் திறந்து இவர் இறங்கினார். வேலை உடுப்பு, இடுப்பில் சுத்தியலும் ஆணிப் பையும். நேரே வந்து மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தார்.

எனக்கு வாயில் வந்தது எல்லாருக்கும் சொல்கிற வசனம்தான். "வணக்கம். பேர் சொல்லத் தேவையில்லை."

"குகதாசன்," என்றார், வீதிக்கே கேட்கிற மாதிரி. "இதில ஒளிக்க ஒண்டுமில்லை."

பையில் இருந்து பொட்டலத்தை எடுத்தார். பச்சை. நாலு இருந்தது.

"நான் தொடக்கூடாது. நீங்கள்தான் செய்யோணும்," என்றேன். "ஒரு துகள் உடைச்சு இந்தத் தண்ணியில கரையுங்கோ. பிறகு பட்டியை இந்தக் கோடுமட்டும் நனையுங்கோ."

பட்டி அவருடைய தடித்த விரல்களுக்கு இடையில் நழுவி நழுவிப் போனது. நான் பிடிக்கவில்லை. பிடிக்கக்கூடாது. இரண்டு நிமிடம் காத்திருந்தோம். இருபத்துமூன்று வருடத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் ஒன்றையே சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"ரெண்டு வந்தாத்தானே நல்லது?"

"ஓம்."

"ஒண்டுதான் வந்திருக்கு, மலர்."

"ஓம்."

"நவம் செத்த அண்டைக்கு நானும் இதைத்தான் எடுத்தனான். அதே பையில இருந்து. அவர் போயிட்டார், நான் இருக்கிறன்." தலையைக் குனிந்தார். "உமக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

அதைச் சொன்னபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. என் கணவர் இரண்டு வருடமாகத் தெருவில் குளிசை வாங்குகிறார். எனக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும். ஊரில் உள்ளவர்களுக்கு எல்லாம் வெட்கப்படாதே என்று சொன்ன நான், இந்தக் கொப்பியில்கூட அதை எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

"இனி என்ன செய்ய?" என்று கேட்டார். எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, வியாழக்கிழமை கிளினிக்கில் இதற்கு மாற்று மருந்து தருகிற டொக்டர் இருக்கிறா, நோவையும் பார்ப்பா. லேசில்லை என்பதையும் சொன்னேன்.

"நீர் வருவீரோ?"

"வருவன்."

அருளம்பலம் அண்ணை வெளியே வந்துவிட்டார். மேலங்கிகூடப் போடவில்லை. "குகன், என்ன வேலை இது? எழும்பும். சனமெல்லாம் பாக்குது."

இவர் எழும்பவில்லை. "பாக்கட்டும் அண்ணை. அதுக்குத்தான் இஞ்ச வந்து இருக்கிறன். உங்கட கடுதாசியில நானும் கையெழுத்து வைச்சனான். அதை வெட்டிவிடுங்கோ."

"உமக்கொரு மரியாதை இருக்கு..."

"நவத்துக்கும் இருந்தது."

அருளம்பலம் அண்ணை விமலாக்காவைப் பார்த்தார். உள்ளே போகவில்லை. குளிரில் அப்படியே நின்றார்.

வானின் பக்கக் கதவு இழுபட்டுத் திறந்தது. ஒருவர் இறங்கினார், பிறகு இன்னொருவர். இரண்டு பேருடைய கையும் ஜக்கெற் பைக்குள். மேசைக்கு முன்னால் இருந்தது ஒரே கதிரை. இவர் எழும்பி அதை அவர்களுக்கு விட்டுவிட்டு, மேசையைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார்.

"பேர் தேவையில்லை," என்று முதலாமவரிடம் இவரே சொன்னார். "இரும். தண்ணியை எடும்."